குடி நீங்கலும் குடி நீக்கலும்: நஞ்சன்கூட்டு வாடகை வழக்கில் சொற்களின் வரலாறு

வாடகை வீட்டில் குடியிருப்பவர் அதை விட்டுச் செல்லும்போது நிகழ்வன மூன்று: முன்னறிவிப்புக் கொடுத்தல், இறுதி வாடகைக் கணக்கைத் தீர்த்தல், சாவியை ஒப்படைத்தல். இவை அன்றாடச் செயல்கள். எனினும் மூன்றும் சொற்களைக் கொண்டே நிறைவேறுகின்றன. அறிவிப்பில் இடம்பெறும் வினைச்சொல்லும் ரசீதில் இடம்பெறும் பெயர்ச்சொல்லும் யார் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பதை முடிவு செய்கின்றன. ஒரு சொல் பிறழ மொழிபெயர்க்கப்பட்டால் ஒருவர் பல மாத வாடகைக்கு ஈடான தொகையை இழக்கக்கூடும். இச்சொற்கள் எங்கிருந்து வந்தன, அவற்றுள் எவை தெளிவு தருகின்றன, எவை மயக்கம் விளைக்கின்றன என்பன மொழியியலாருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கும் உரிய வினாக்களாகும்.

இவ்வினாக்களை ஆராய நஞ்சன்கூடு ஏற்ற களமாகும். மைசூருக்குத் தெற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், கபினி ஆற்றங்கரையில், ஸ்ரீகண்டேஸ்வரர் கோயிலைச் சூழ அமைந்த நகரம் இது. மைசூரிலிருந்து குண்டுலுப்பேட்டை வழியாக நீலகிரிக்கும், சாமராஜநகர் வழியாகச் சத்தியமங்கலத்திற்கும் செல்லும் வழிகள் இங்கிருந்து தொடர்கின்றன. கோயில், வணிகம், தொழிற்பேட்டை ஆகியவற்றின் பொருட்டு இங்கு வந்து தங்கும் தமிழர் கன்னடர் வீட்டில் குடியிருப்பதும், கன்னடத்தில் எழுதிய ஒப்பந்தத்தில் கையொப்பமிடுவதும் இயல்பு. நஞ்சுண்டவன் உறையும் கூடு என ஊர்ப்பெயருக்குப் பொருள் கூறுவர். உறைவிடத்தைத் தன் பெயரிலேயே கொண்ட ஊரில் உறைவிடம் மாறுவோரின் சொற்களை ஆராய்வது பொருத்தமுடையது. இங்குக் கன்னடச் சொற்கள் தமிழ் எழுத்திலேயே தரப்படுகின்றன. அவற்றின் ஒலிப்புடை மெய்கள் பொருளுக்கு இன்றியமையாத இடங்களில் மட்டும் சுட்டப்படுகின்றன.

கல்வெட்டில் குடி

பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கங்கர் நாடு சோழர் ஆட்சிக்கு உட்பட்டது. தலைக்காடு இராசராசபுரம் எனப் பெயர் பெற்றது. ஏறத்தாழ 1116இல் போசள மன்னன் விஷ்ணுவர்த்தனன் தலைக்காட்டைக் கைப்பற்றும் வரை, ஒரு நூற்றாண்டுக் காலம், இப்பகுதியின் ஆவணங்களில் தமிழும் இடம்பெற்றது. லூயிஸ் ரைஸ் பதிப்பித்த கர்நாடகக் கல்வெட்டுத் தொகுதிகளில் மைசூர் மாவட்டத்திற்குரியவை இதற்குச் சான்றாகும். நஞ்சன்கூடு வட்டத்துக் கல்வெட்டுகளும் அத்தொகுதிகளுள் அடங்கும்.

சோழர் ஆவணங்களில் கொடை நிலத்தின் தன்மையைச் சுட்டும் தொடர்கள் இரண்டு உள்ளன. ஒன்று ‘குடிநீங்கா’ என்னும் அடை. மற்றொன்று ‘குடிநீக்கி’ என்னும் அடை. நிலம் கோயிலுக்கோ பிராமணர்க்கோ வழங்கப்படும்போது அதனைப் பயிரிட்டு வந்த குடிகள் அங்கேயே தொடர்வராயின் அது குடிநீங்காத் தேவதானம் எனப்பட்டது. அவர்களை அகற்றிவிட்டுக் கொடுக்கப்படுவதாயின் ‘குடிநீக்கி’ எனக் குறிக்கப்பட்டது. குடிகளின் வாழ்வு இவ்விரு வடிவங்களின் வேறுபாட்டில் அடங்கியிருந்தது. நீங்கு, நீக்கு என்னும் இணையில் மெல்லொற்று வல்லொற்றாதல் ஒன்றே மாற்றம். முன்னது குடியின் செயல். பின்னது குடிமேல் பிறர் செலுத்தும் செயல்.

அடங்கு, அடக்கு, திருந்து, திருத்து, ஆகு, ஆக்கு என இவ்வகை இணைகள் தமிழில் பல. இவற்றை மரபிலக்கணத்தார் தன்வினை, பிறவினை எனப் பகுத்தனர். கு. பரமசிவம் இவற்றை இயங்குவினை, இயக்குவினை என விளக்கினார். செயல் எவரிடம் தொடங்கி எவரிடம் முடிகிறது என்பதை வினையடியே காட்டிவிடுவது இவ்விணைகளின் சிறப்பு. வாடகைச் சட்டத்திற்கு வேண்டுவதும் இதுவே. குடியிருப்பவர் தாமே செல்கிறாரா, உரிமையாளரால் அனுப்பப்படுகிறாரா என்பது அச்சட்டத்தின் முதற் கேள்வி.

கன்னடத்தில் இதற்கு இணையான சொல் ‘ஒக்கலு’ என்பதாகும். உறைவிடம், குடி, நிலம் உழும் குடியானவர் எனும் பொருள்களை அது தரும். பழந்தமிழில் சுற்றத்தாரைக் குறித்த ‘ஒக்கல்’ இதன் உறவுச் சொல். குடியை வெளியேற்றுவதைக் கன்னடம் இன்றும் ‘ஒக்கலெப்பிசு’ என்கிறது. ‘எப்பிசு’ என்பது எழுப்பு எனப் பொருள்படும் பிறவினை. உட்கார்ந்திருந்த குடியை எழுப்பி அனுப்புதல் என்பது இதன் உட்பொருள். நில உறவுச் சிக்கல்களிலும் நகரச் செய்திகளிலும் இச்சொல் உயிரோடு இருக்கிறது. தமிழோ குடிநீக்கலைக் கல்வெட்டிலேயே விட்டுவிட்டு ‘வெளியேற்றம்’ என்னும் பொதுச்சொல்லைக் கைக்கொண்டது. வெளியேற்றம் என்பதில் குடி இல்லை. கூட்டத்திலிருந்து ஒருவரை அனுப்புவதும் வெளியேற்றமே.

வாடகை, குடிக்கூலி, குத்தகை

வாடகை என்னும் சொல் வடமொழியின் ‘பாடக’ என்பதிலிருந்து வந்தது. கன்னடத்தில் அது ‘பாடிகெ’ எனவும், மலையாளத்தில் ‘வாடக’ எனவும் வழங்குகிறது. கன்னடத்தின் சொன்முதல் ஒலிப்புடைப் பகரத்திற்குத் தமிழில் வகரம் நிற்பது இரு மொழிகளின் பொதுச்சொற்களில் காணப்படும் ஒழுங்கு. வேர் ‘பேரு’ எனவும், வாய் ‘பாயி’ எனவும், வளை ‘பளெ’ எனவும் கன்னடத்தில் வரும். இவ்வொழுங்கோடு ஒத்துப்போவதால் வாடகை, பாடிகெ என்னும் இணை இரு மொழிகளுக்கும் பிறப்புரிமைச் சொல் போலத் தோன்றுகிறது. அது கடன்சொல் என்பது பேசுவோர் உணர்விற்கு எட்டுவதில்லை.

இதற்குத் தமிழில் இருந்த பழைய சொல் குடிக்கூலி. பேச்சில் அது குடக்கூலி எனத் திரிந்தது. குடியிருப்பவரைக் குடித்தனக்காரர் எனச் சுட்டும் வழக்கும் உண்டு. குடிபுகுதல், குடியிருத்தல், குடிக்கூலி கொடுத்தல், குடிபெயர்தல் என வருகை முதல் செல்கை வரை ஒரே வேரில் கிளைத்த சொற்றொகுதி தமிழில் இருந்தது. வாடகை என்பது வண்டிக்கும் பாத்திரத்திற்கும் பந்தலுக்கும் உரிய பொதுச்சொல். அது வீட்டிற்கும் வந்து குடிக்கூலியை அகற்றியபோது இத்தொகுதியின் நடுக்கண்ணி அறுந்தது.

குத்தகை என்னும் சொல்லில் மொழிபெயர்ப்பாளர் மிக்க விழிப்புடன் இருத்தல் வேண்டும். தமிழில் குத்தகை என்பது பெரும்பாலும் நிலத்தையோ தோப்பையோ குளத்தையோ குறித்த தொகைக்கு விடுவது. கன்னடத்தில் இதே சொல்லின் வடிவமான ‘குத்திகெ’ (முதலெழுத்து ஒலிப்புடையது) ஒப்பந்த வேலையைக் குறிக்கிறது. ‘குத்திகெதார’ என்பவர் கட்டட ஒப்பந்தக்காரர். நிலக் குத்தகைக்குக் கன்னடத்தில் ‘கேணி’ என்பது பெயர்; இதன் முதலெழுத்தும் ஒலிப்புடையது. நீர்நிலையைக் குறிக்கும் தமிழ்க் கேணியோடு இதற்குத் தொடர்பில்லை. ஆகவே கன்னட ஆவணத்தின் குத்திகெயைத் தமிழில் குத்தகை என எழுதினால் கொத்தனார் குத்தகைதாரர் ஆகிவிடுவார்.

விடு என்னும் வினையிலும் இத்தகைய பொறி உண்டு. தமிழில் வீட்டை வாடகைக்கு ‘விட்டவர்’ உரிமையாளர். கன்னடத்தில் ‘மனெ பிட்டரு’ என்றால் குடியிருந்தவர் வீட்டைவிட்டுச் சென்றார் என்பது பொருள். வாடகைக்குத் தருவதைப் பெரும்பாலும் ‘பாடிகெகெ கொடு’ என்பர். ஒரே வினையடி ஒரு மொழியில் வாடகை உறவின் தொடக்கத்தையும் மற்றொன்றில் அதன் முடிவையும் குறிப்பதை இங்குக் காணலாம்.

கணக்குத் தீர்க்கும் சொற்கள்

இறுதிக் கணக்கில் வழங்கும் சொற்களை அடுக்கிப் பார்த்தால் தென்னகத்தின் ஆட்சி வரலாறு புலப்படும். காலி, பாக்கி, வசூல் ஆகியவை அரபியிலிருந்து பாரசீக வழியாக வந்தவை. ரசீது பாரசீகச் சொல். ‘வந்து சேர்ந்தது’ என்பது அதன் மூலப்பொருள். சாவி போர்த்துக்கீசிய மொழி தந்தது. திறவுகோல் என்னும் தமிழ்ச்சொல் ஏட்டளவில் நின்றது. அட்வான்சும் நோட்டீசும் ஆங்கிலம் தந்தவை. ஐதர் அலி, திப்பு சுல்தான் காலத்தில், 1761க்கும் 1799க்கும் இடையே, மைசூர் அரசின் வருவாய்க் கணக்கில் பாரசீகச் சொற்கள் வலுப்பெற்றன. ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சியும் தஞ்சை மராத்தியர் ஆட்சியும் இச்சொற்களைத் தமிழகத்திற்கும் கொணர்ந்தன. ஆதலின் இரு மொழியாரும் ஒரே மூலத்திலிருந்து கடன் வாங்கினர்; ஆனால் ஒரே பொருளில் வாங்கினரல்லர்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு கரார். கன்னடத்தில் ‘கராரு பத்ர’ என்பது ஒப்பந்தப் பத்திரம். தமிழில் ‘கறார்’ என்பது விட்டுக்கொடாத தன்மை. ஒப்பந்தம் என்னும் மூலப்பொருளிலிருந்து தமிழ்ச்சொல் ‘ஒப்பியதில் இம்மியும் தளராமை’ என நகர்ந்திருத்தல் கூடும். நஞ்சன்கூட்டு வீட்டுக்காரர் கராரு பற்றிப் பேசுகையில் அவர் கறாராகப் பேசுவதாகத் தமிழ்க் குடித்தனக்காரர் கொள்வதற்கு இடமுண்டு.

கோயில் நிர்வாகத்தைக் கவனிக்கும் துறைக்குக் கர்நாடகத்தில் வழங்கும் ‘முஜராயி’ என்னும் பெயரும் கணக்குச் சொல்லே. வருவாயில் கழித்துக்கொள்ளுதல், கழிவாக ஒதுக்குதல் என்னும் பொருளுடைய ‘முஜரா’ என்பதன் அடியாகப் பிறந்தது அது. வாடகைப் பாக்கியை முன்பணத்தில் கழித்துக்கொள்ளும் செயலுக்கு வருவாய்த் துறையின் பழைய மொழியில் இப்பெயர் பொருந்தும். கோயில் நகரத்தில் இச்சொல் கழிவுப் பொருளை முற்றும் இழந்து அறநிலையத் துறையின் பெயராக மட்டும் நிற்கிறது.

எனினும் இச்சொற்களுள் வழக்கில் வேரூன்றியது காலி. தமிழில் காலி செய், கன்னடத்தில் காலி மாடு. இரண்டும் ஒன்றுபோல் தோன்றினும் அவற்றின் இலக்கண ஆற்றல் வேறு. கன்னடத்தில் ‘மாடு’ என்பதற்குப் பிறவினையாக ‘மாடிசு’ உண்டு. ‘இசு’ என்னும் விகுதி அன்றாடப் பேச்சிலும் தடையின்றி இயங்குகிறது. ஆகவே ‘காலி மாடிதரு’ என்றால் குடியிருந்தவர் சென்றார். ‘காலி மாடிசிதரு’ என்றால் அவரைச் செல்லச் செய்தனர். தமிழிலும் செய்வி என்னும் வடிவம் உண்டாயினும் அது எழுத்து நடையோடு நின்றுவிட்டது. பேச்சில் ‘காலி செய்ய வைத்தார்’ எனத் துணைவினை வேண்டப்படுகிறது. முழு வாக்கியத்தில் இதனால் குறையொன்றும் நேராது. ‘காலி செய்வதாக நோட்டீசு’ என்றால் குடியிருப்பவர் தந்தது எனவும், ‘காலி செய்யும்படி நோட்டீசு’ என்றால் உரிமையாளர் தந்தது எனவும் விளங்கும். ஆனால் தொடர் பெயராகச் சுருங்கி ‘காலி நோட்டீசு’ அல்லது ‘காலி செய்தல் அறிவிப்பு’ ஆகும்போது வினைமுதல் மறைந்துவிடுகிறது. சட்ட ஆவணங்களோ பெயர்த்தொடர்களையே மிகுதியும் விரும்புகின்றன.

சட்டம் கொணர்ந்த அறிவிப்பு

1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் பிரித்தானிய இந்தியாவில் இயற்றப்பட்டது. இன்று கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் ஒருங்கே நடைமுறையில் உள்ளது. அதன் 106ஆம் பிரிவு, ஒப்பந்தமோ வட்டார வழக்கமோ வேறு சட்டமோ இல்லாதவிடத்து, வேளாண்மைக்கும் உற்பத்தித் தொழிலுக்கும் விடப்பட்ட சொத்துக்கு 6 மாத அறிவிப்பும், வீடு முதலிய பிறவற்றிற்கு 15 நாள் அறிவிப்பும் வேண்டும் என்கிறது. அறிவிப்பு எழுத்தில், கையொப்பத்துடன் இருத்தல் வேண்டும். அதை அஞ்சலில் அனுப்பலாம், நேரில் தரலாம், குடும்பத்தாரிடமோ பணியாளரிடமோ அவர் வீட்டில் ஒப்படைக்கலாம், இவை இயலாதவிடத்து வீட்டின் கண்ணில் படும் இடத்தில் ஒட்டலாம். குடியிருப்பவர், உரிமையாளர் இருவருக்கும் இவ்விதி பொது. சட்டத்தின் நோக்கில் அறிவிப்பு என்பது செய்தி தெரிவித்தல் மட்டுமன்று. உறவை முடிக்கும் செயல் அது. ‘தெரிவிப்பு’, ‘தகவல்’ என அதனை மொழிபெயர்ப்போர் அச்செயலாற்றலைக் கைவிடுகின்றனர்.

2002ஆம் ஆண்டு இறுதி வரை இந்த 15 நாள் அறிவிப்பு, வாடகை மாதத்தின் கடைசி நாளோடு முடிவுறுவதாக இருத்தல் வேண்டும் என்பது விதி. முதல் தேதியில் வாடகை மாதம் தொடங்கும் வீட்டுக்கு ஜூன் 10இல் கொடுத்த அறிவிப்பு ஜூன் 30இல் முடியலாம். ஜூன் 20இல் கொடுத்ததாயின் அம்மாதத்தில் 15 நாள் எஞ்சாமையால் ஜூலை 31இல்தான் முடியும். அறிவிப்புக் காலம் அது கிடைத்த நாளிலிருந்து கணக்கிடப்படும் எனப் பின்னர் வந்த திருத்தம் கூறியது. அதன்படி ஜூன் 20இல் கிடைத்த அறிவிப்பு ஜூலை 5இல் நிறைவுறும். பழைய விதிக்கும் புதிய விதிக்கும் இடைப்பட்டவை 26 நாள்கள். பழைய ஒப்பந்தப் படிவத்தை அப்படியே மொழிபெயர்ப்பவர் அந்த 26 நாள் வாடகையைக் குடியிருப்பவர் தலையில் ஏற்றிவிடக்கூடும்.

‘மாதம்’ என்னும் சொல்லும் எளியதன்று. தமிழர் மாதம் ஞாயிற்றின் இயக்கத்தைச் சார்ந்தது. கன்னடர் பஞ்சாங்க மாதம் பெரும்பாலும் திங்களின் இயக்கத்தைச் சார்ந்தது. 1897ஆம் ஆண்டின் பொது வகைமுறைகள் சட்டம் மத்தியச் சட்டங்களில் மாதம் என்பதை ஆங்கில நாட்காட்டி மாதம் என வரையறுக்கிறது. தமிழர் ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாறத் தயங்குவர்; கன்னடர் ஆஷாடத்தில் தயங்குவர். ஆஷாடம் சாந்திரமானக் கணக்கில் ஆடிக்கு முன்னரே தொடங்கிவிடுகிறது. ‘ஆடி கழிந்ததும் போகிறேன்’ எனக் குடித்தனக்காரர் வாய்மொழியாகச் சொல்வதும், அதனை ‘ஆஷாட முடிந்ததும்’ என வீட்டுக்காரர் கொள்வதும் இருவர் கணக்கிலும் சில வாரங்களை வேறுபடச் செய்யும். தேதியை எண்ணால் எழுதுவதே இதற்குத் தீர்வு.

வீடுகள் 11 மாதத்திற்கு ஒப்பந்தம் செய்யப்படுவதன் காரணமும் சட்டத்திலேயே உள்ளது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை ஆவணங்களுக்குப் பதிவு கட்டாயம் என 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் விதித்தமையால் அதற்குக் குறைந்த காலவரை வழக்கமாயிற்று. குறித்த காலம் முடிந்தால் ஒப்பந்தம் தானே முடிகிறது. அதற்கு அறிவிப்பு வேண்டுவதில்லை. ஆயினும் குடியிருப்பவர் தொடர்ந்து இருந்து, உரிமையாளரும் வாடகையைப் பெற்றுக்கொண்டால் 116ஆம் பிரிவின்படி அது மாதாமாதம் தொடரும் குடியிருப்பாகிறது. அந்நிலையில் அறிவிப்புக்கு மீண்டும் உயிர் வருகிறது.

இறுதி வாடகையின் பெயர்

சொல்லின் ஆற்றல் முழுமையாக வெளிப்படுவது 113ஆம் பிரிவில். அறிவிப்புக் கொடுத்தபின் அதைக் கொடுத்தவர் உறவு தொடர்வதை விரும்புவதாகக் காட்டும் செயல் எதனையேனும் செய்து, மற்றவரும் அதற்கு இசைந்தால் அறிவிப்பு கைவிடப்பட்டதாகும். சட்டமே இதற்குத் தரும் விளக்கம் எளிது: உரிமையாளர் அறிவிப்புத் தருகிறார், அதன் காலம் முடிகிறது, முடிந்தபின் சேர்ந்த வாடகையைக் குடியிருப்பவர் கொடுக்க, உரிமையாளர் வாங்கிக்கொள்கிறார், அறிவிப்பு அற்றுப்போகிறது.

இதனால் அறிவிப்புக் காலம் முடிந்தபின் தங்கிய நாள்களுக்குப் பெறும் தொகைக்கு என்ன பெயர் எழுதுவது என்பது பெருஞ்சிக்கலாகிறது. அதனை வாடகை என எழுதினால் உறவு தொடர்வதாகப் பொருள்படலாம். ஆகவே வழக்கறிஞர்கள் அதனை வீட்டைப் பயன்படுத்தியதற்கான இழப்பீடு எனக் குறிப்பர். தம் உரிமைக்குக் குறைவின்றிப் பெற்றதாகவும் எழுதுவிப்பர். 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், உரிமையின்றி உடைமையில் இருப்பவர் அடைந்த அல்லது அடைந்திருக்கக்கூடிய ஆதாயத்திற்குத் தனி வரையறை வகுத்துள்ளது. இதனைத் தமிழில் ‘இடைக்கால ஆதாயம்’ என்பர். ‘இடைக்கால வாடகை’ என எவரேனும் மொழிபெயர்த்தால் சட்டம் கவனமாகப் பிரித்துவைத்த இரண்டு பொருள்கள் ஒன்றாகிவிடும். கன்னட ரசீதில் பாடிகெ எனவும் தமிழ்ப் படியில் இழப்பீடு எனவும் இருப்பின் வழக்கு எழும்போது இரு படிகளும் ஒன்றையொன்று மறுத்து நிற்கும்.

சொல் மாறினாலே உரிமை மாறிவிடும் என்பது இதன் பொருளன்று. தொகையைக் கொடுத்து வாங்கியோரின் கருத்து யாது என்பதையே நீதிமன்றம் ஆராய்கிறது. ஆனால் அக்கருத்துக்குப் பெரும்பாலும் எஞ்சியிருக்கும் சான்று அந்த ஒற்றை ரசீதுதான்.

முன்பணமும் காப்புத்தொகையும்

குடிபெயர்வோர் பெரிதும் மனவருத்தம் கொள்வது முன்பணத்தின் பொருட்டே. கன்னடத்தில் ‘முங்கட’ என்பதும் தமிழில் ‘முன்பணம்’ என்பதும் முன்னதாகக் கொடுக்கும் பணம் என்னும் பொருளன. முன்னதாகக் கொடுத்தது வாடகையே எனக் கொள்ளும் குடித்தனக்காரர், கடைசி மாதங்களின் வாடகையை ‘அட்வான்சில் கழித்துக்கொள்ளுங்கள்’ என்கிறார். வீட்டுக்காரரோ அதனைச் சேதத்திற்குப் பிணையாகக் கருதி, வீட்டைப் பார்த்தபின்னரே கணக்கு என்கிறார். ஒரே சொல்லை இருவரும் இரு பொருளில் நேர்மையாகவே ஆள்கின்றனர். கன்னட ஆவண நடையில் திருப்பித் தரத்தக்க பிணைத்தொகைக்கு ‘டேவணி’ என்னும் வேறு சொல் உண்டு. தமிழிலும் காப்புத்தொகை, வைப்புத்தொகை என்பன உள. ஆனால் பேச்சில் ‘அட்வான்சு’ இவை அனைத்தையும் விழுங்கிவிட்டது.

தமிழ்நாட்டின் 1960ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் பெறுவதைத் தடுத்தது. எனினும் சென்னையிலும் பெங்களூரிலும் 10 மாத வாடகையை முன்பணமாகப் பெறுவது பெருவழக்காயிற்று. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாதபோது காப்புத்தொகை 3 மாத வாடகைக்கு மேற்படலாகாது என்கிறது. வீட்டைக் காலி செய்த ஒரு மாதத்திற்குள், உரிய கழிவு போக, அது திருப்பித் தரப்பட வேண்டும். 2021இல் மத்திய அமைச்சரவை ஏற்ற மாதிரி வாடகைச் சட்டம் குடியிருப்பு வீட்டுக்கு 2 மாத வாடகையையே வரம்பாகக் கொண்டது. வீட்டின் உடைமையைத் திரும்பப் பெறும்போதே தொகையைத் திருப்ப வேண்டும் என்றது. இவை ‘முன்பணம்’ என்னும் கருத்தை விட்டுக் ‘காப்புத்தொகை’ என்னும் கருத்துக்கு நகர்ந்திருப்பது குறிப்பிடத்தக்கது.

கழிவுகளில் முதன்மையானது வெள்ளையடிப்புச் செலவு. கன்னடத்தில் இது ‘சுண்ண பண்ண’ எனப்படும். பண்ண என்பதன் முதலெழுத்து ஒலிப்புடையது. சுண்ணமும் வண்ணமும் என அதனைத் தமிழில் நேரே உணரலாம். சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆம் பிரிவு, பெற்றபோது இருந்த நல்ல நிலையில் வீட்டைத் திருப்பித் தருமாறு குடியிருப்பவரைப் பணிக்கிறது. ஆனால் இயல்பான தேய்மானத்திற்கு அவர் பொறுப்பல்லர் என அது விலக்கும் தருகிறது. ஆண்டுகள் செல்லச் சுவர் நிறம் மங்குவது தேய்மானம். கதவு உடைவது சேதம். ஒப்பந்தம் வெள்ளையடிப்பைத் தனியே கூறாதபோது அதனைக் கழிப்பதற்கு அடிப்படை வழக்கமேயன்றிச் சட்டமன்று. இரண்டையும் ‘பழுது’ என ஒரே சொல்லால் மொழிபெயர்ப்பது வீட்டுக்காரருக்குச் சார்பாக முடியும்.

மைசூர்ப் பகுதியில் ‘லீசு’ அல்லது ‘போக்கிய’ எனப்படும் மற்றொரு முறையும் உண்டு. பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்து, மாத வாடகையின்றிக் குடியிருந்து, செல்லும்போது முழுத்தொகையையும் திரும்பப் பெறுதல் இதன் இயல்பு. தமிழகத்தில் இதனைப் போக்கியம் என்றும், தென்மாவட்டங்களில் ஒத்தி என்றும் வழங்குவர். இங்கு இறுதி வாடகை என ஒன்றில்லை. பணத்தின் வட்டியும் வீட்டின் வாடகையும் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. நஞ்சன்கூட்டில் ‘லீசு’ என எழுதியிருப்பதைத் தமிழில் ‘குத்தகை’ என மாற்றினால் திருப்பித் தர வேண்டிய பெருந்தொகையே மொழிபெயர்ப்பில் மறைந்துபோகும்.

கட்டுப்பாட்டுச் சட்டங்களின் காலம்

இரண்டாம் உலகப் போர்க்கால வீட்டுப் பஞ்சம் வாடகைக் கட்டுப்பாட்டைத் தோற்றுவித்தது. சென்னை மாகாணத்தில் 1946, 1949, 1960ஆம் ஆண்டுகளில் அடுத்தடுத்துச் சட்டங்கள் இயற்றப்பட்டன. மைசூரில் 1951ஆம் ஆண்டுச் சட்டமும், அதன்பின் 1961ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் வந்தன. 1999ஆம் ஆண்டின் கர்நாடக வாடகைச் சட்டம் 2001 டிசம்பர் 31 முதல் அவற்றின் இடத்தைப் பெற்றது. இச்சட்டங்கள் நீக்கலுக்குக் குறித்த காரணங்களைக் கோரின. அறிவிப்பு மட்டும் கொடுத்துக் குடியை நீக்க இயலாதாயிற்று. எனினும் குடி தாமே நீங்குவதற்குக் காரணம் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

இதனால் இரு அறிவிப்புகளின் மதிப்பு வேறாயிற்று. மாநில வாடகைச் சட்டத்தின்கீழ் நீக்கல் கோரும் உரிமையாளர் 106ஆம் பிரிவின்படி அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டுவதில்லை எனத் தனபால் செட்டியார் எதிர் யசோதை அம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் எழுவர் அமர்வு 1979இல் தீர்ப்பளித்தது. தமிழகத்திலிருந்து சென்ற அவ்வழக்கின் முடிவு நாடெங்கும் வழிகாட்டியாயிற்று. குடியிருப்பவர் தரும் அறிவிப்பின் பயனையோ அது தொடவில்லை. அவர் அறிவிப்பின்றிச் சென்றால் அக்காலத்திற்குரிய வாடகையை அவரிடம் கேட்கும் வாய்ப்பு முன்போலவே நின்றது. ‘காலி நோட்டீசு தேவையில்லை’ எனச் செய்தித்தாள் நடையில் இத்தீர்ப்பைச் சுருக்கினால், யாருடைய நோட்டீசு என்னும் வினா விடையின்றி நிற்கும். அதை நம்பிச் சொல்லாமல் செல்லும் குடித்தனக்காரர் தம் காப்புத்தொகையிலிருந்து அதற்கு விலை கொடுப்பார்.

மொழிபெயர்ப்பாளர் கொள்ளத்தக்கன

கர்நாடகம் 1963இலும் தமிழ்நாடு 1956இலும் ஆட்சிமொழிச் சட்டங்களை இயற்றின. ஆட்சித்துறைக் கலைச்சொற்கள் பெருகின. ஆயினும் வாடகை வீட்டின் இறுதிநாள் ஆவணங்கள் பெரும்பாலும் அலுவலகத்திற்கு வெளியே, முத்திரைத்தாள் எழுதுவோர் கையிலும் தரகர் வாயிலும் உருவாகின்றன. கலைச்சொல் அகராதி எட்டாத இடம் அது. அங்கு வழங்கும் சொற்களிலிருந்தே தெளிவைத் தேட வேண்டியுள்ளது.

முதலாவதாக, தமிழுக்குச் சொந்தமான நீங்கு, நீக்கு இணையை மீண்டும் ஆளலாம். குடியிருப்பவர் தருவதை ‘நீங்கல் அறிவிப்பு’ எனவும், உரிமையாளர் தருவதை ‘நீக்கல் அறிவிப்பு’ எனவும் பெயரிட்டால், கன்னடத்தின் மாடு, மாடிசு வேறுபாட்டையும் ஒக்கலெப்பிசுவின் பிறவினைப் பொருளையும் தமிழில் இழப்பின்றித் தர இயலும். சோழர் கால எழுத்தர் ஓரெழுத்து வேறுபாட்டில் காத்த தெளிவு இது. பேச்சு வழக்கைப் பேண விரும்புவோர் ‘காலி செய்வதாக’, ‘காலி செய்யும்படி’ என வினையெச்ச வடிவத்தை விடாது எழுதினாலும் பொருள் நிலைபெறும். வினைமுதலை மறைக்கும் பெயர்த்தொடரைத் தவிர்ப்பதே இன்றியமையாதது.

இரண்டாவதாக, அறிவிப்புக் காலம் முடியும் நாள் வரைக்கான தொகையை வாடகை என்றும், அதன்பின் தங்கிய நாள்களுக்கானதை இழப்பீடு என்றும் இரு மொழிப் படிகளிலும் ஒன்றுபோல் குறித்தல் வேண்டும். மூன்றாவதாக, முன்கூட்டிச் செலுத்திய வாடகையையும் திருப்பித் தரத்தக்க காப்புத்தொகையையும் ‘முன்பணம்’ என ஒரே சொல்லில் அடக்கலாகாது. நான்காவதாக, குத்தகை, குத்திகெ, கேணி, லீசு, கராரு ஆகியவற்றை ஒலியொப்புமை கொண்டு மாற்றாமல், பணம் எத்திசையில் செல்கிறது, எப்போது திரும்புகிறது என்பதைக் கண்டறிந்து மாற்றுதல் வேண்டும்.

வாடகை வீட்டின் இறுதிநாளில் வடமொழி, அரபி, பாரசீகம், போர்த்துக்கீசியம், ஆங்கிலம் ஆகியவற்றின் சொற்கள் தமிழோடும் கன்னடத்தோடும் ஒரே ரசீதில் கூடுகின்றன. அவற்றைக் களைவது இயலாது, தேவையுமன்று. யார் செய்தார், எதற்குக் கொடுத்தார் என்னும் இரு வினாக்களுக்கும் ஆவணத்திலேயே விடை கிடைக்குமாறு எழுதுவதே தேவை. தம் மொழியல்லாத மொழியில் எழுதிய தாளில் கையொப்பமிட்டுச் செல்லும் குடித்தனக்காரருக்கும், அத்தாளை நம்பிப் பணத்தைத் திருப்பித் தரும் வீட்டுக்காரருக்கும் அத்தெளிவு ஒருங்கே பாதுகாப்பாகும்.